நாலாம் நம்பர் குதிரை

பத்து மணிக்கு விசாரணை என்று கடிதத்தில் இருந்தது, பத்தே முக்காலாகியும் கதவு திறக்கவில்லை, வேண்டுமென்றே காக்க வைக்கிறார்களோ என்னவோ. ஒருவரை முக்கால் மணி நேரம் மர பெஞ்சில் உட்கார வைத்தால் உள்ளே வரும்போது அவர் பேச்சில் பாதி குறைந்திருக்கும், இது எல்லா விசாரணைக் குழுவுக்கும் தெரிந்த வித்தை. ஆனால் நான் என்ன குற்றவாளியா, என்னை எதற்கு உட்கார வைக்க வேண்டும், நான் நிபுணர், கார் அனுப்பி இந்த மலைக்கு வரவழைத்தார்கள், கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு தடவை வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். பெயர் மங்கையர்க்கரசி, முன்னால் டாக்டர், பின்னால் போட்டுக்கொள்ள ஒரு வரி நிறையப் பட்டங்கள். முதலில் குதிரை வைத்தியம், பிறகு மருந்தியல், இரண்டும் முட்டிக்கொண்ட இடத்தில் பிறந்தது ஒரு எண். எழுபத்திரண்டு. அந்த வலி மருந்தைக் குதிரைக்கு ஊசியில் கொடுத்தால் எழுபத்திரண்டு மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடும் என்று அளந்து சொன்னவள் நான். பந்தயத்துக்கு மூன்று நாள் முன்னால் நிறுத்தினால் போதும், நான்காம் நாளும் ரத்தத்தில் மருந்து இருந்தால் யாரோ திருட்டுத்தனமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த எண்ணை வைத்து இதுவரை எத்தனை பேரைப் பிடித்தார்களோ, நான் கேட்டுக்கொண்டதில்லை. இன்றைக்கும் அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு பெண் குதிரை, முன்னங்கால் வீக்கத்துக்குத் திங்கட்கிழமை காலை ஊசி போட்டது, சனிக்கிழமை மத்தியானம் பந்தயத்தில் ஓடி ஜெயித்தது, ஜெயித்த குதிரையின் ரத்தத்தைச் சோதித்தால் மருந்து. ஐந்து நாள் கழித்து. மருந்துப் பெட்டியின் சாவி அதன் சைஸிடம் இருந்ததாம். சைஸ் என்றால் குதிரையைத் தேய்த்து, தீனி வைத்து, லாயத்திலேயே படுத்து எழுகிற ஆள். நான் உள்ளே போய் "இருக்க முடியாது, யாரோ கொடுத்திருக்கிறார்கள்" என்று ஒரு வரி சொன்னால் போதும், அந்த ஆளின் லைசன்ஸ் ரத்து, நாட்டில் எந்தப் பந்தய லாயத்துக்குள்ளும் இனி ஆயுசுக்கும் கால் வைக்க முடியாது. ஒரே வரி. சொல்லிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குள் மலை இறங்கிவிடலாம் என்றுதான் கிளம்பி வந்தேன்.

பெஞ்சின் அந்தக் கோடியில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். நாற்பத்தைந்து வயது இருக்கும், வெளுத்த ஸ்வெட்டர், முழங்கையில் ஓட்டை, காலில் ரப்பர் பூட்ஸ், நான் வந்தபோது இரண்டு முழம் தள்ளி இருந்தான், இப்போது ஒரு முழம்தான் இருக்கிறது, எப்போது நகர்ந்தான்? அவன்தான் அந்த சைஸ் என்று பூட்ஸைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, குதிரை வாசனை வேறு, இந்த வாசனையை எத்தனை யூகலிப்டஸ் காற்றடித்தாலும் என் மூக்கு விடாது. குற்றம் சாட்டப்பட்டவனையும் சாட்சி சொல்ல வந்தவளையும் ஒரே பெஞ்சில் யார் உட்கார வைப்பார்கள்? சும்மா நடந்ததாக இருக்காது. ட்ரெய்னர் குரியன் செய்த ஏற்பாடாக இருக்கும், அவர்தான் அந்தக் குதிரையைப் பழக்கியவர், சைஸ்தான் செய்தான், எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு இன்றைக்கு டை கட்டிக்கொண்டு முன்னாடியே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். இல்லை, சைஸே வந்து உட்கார்ந்திருப்பான், கிழவி மனசு இளகட்டும் என்று. இப்போது ஒரு அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள், நான் கேட்கவே இல்லை, யார் சொல்லிக் கொண்டுவந்தாள், அவனுக்கு ஒன்று எனக்கு ஒன்று, இரண்டும் ஒரே மாதிரிக் கண்ணாடி டம்ளர், நான் எடுக்கவில்லை. எனக்கு இது நோய் மாதிரி. கல்யாணமான புதுசில் மாமியார் சளிக்குக் கஷாயம் கொடுத்தார், அதில் என்னென்ன போட்டீர்கள், எத்தனை கிராம் என்று கேட்டேன், அவர் சாகிறவரை என் கையால் தண்ணீர் கூட வாங்கிக் குடிக்கவில்லை. "உன்கூடக் குடித்தனம் நடத்துறது தினம் லேபுக்குப் போய் ரத்தம் கொடுக்கிற மாதிரி இருக்கு அரசி" என்பார் என் வீட்டுக்காரர், சிரித்துக்கொண்டுதான் சொல்வார், அந்தச் சிரிப்பில் ஏதாவது இருக்கிறதா என்று அதையும் பார்ப்பேன். சந்தேகப்படத்தானே சம்பளம் கொடுத்தார்கள். மருந்துக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம், யார் என்ன எண்ணைக் கொண்டுவந்து நீட்டினாலும் இது நிஜமா என்று முதலில் கேட்கிறவள் நான், அதற்கு மரியாதை இருந்தது, பயமும் இருந்தது, இரண்டும் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"டீ ஆறிடும்மா" என்றான் அவன்.

நான் திரும்பவில்லை.

"குளிருக்கு நல்லா இருக்கும். நீங்க பேப்பர்காரங்களா?"

"உம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நிபுணர் என்று சொன்னால் அழுவான், காலில் விழுவான், எனக்கு அதெல்லாம் பார்க்க முடியாது. உம் என்பது பொய்யா என்ன, ஒரு சத்தம்.

"எழுதறதுனா ஒண்ணு எழுதுங்கம்மா. பாப்பா பத்து நாளா சரியாத் துன்னலை. என்னை உள்ள வுட மாட்டேன்றாங்கோ. புது ஆளு கொள்ளை ஊற வெக்காம அப்பிடியே போடறானாம். வயித்து வலி வந்தா யாரு பாக்கறது?"

பாப்பா என்றால் குதிரை. ரேஸ் புத்தகத்தில் அதற்கு ஏதோ நீளமான பெயர். வயிற்று வலி என்றதும் என் கை தானாக மடியில் அசைந்தது, விலாவில் காதை வைத்துக் கேட்கிற பழக்கம், குடல் சத்தம் இருக்கிறதா இல்லையா, சத்தமில்லாத வயிறுதான் பயம். இருபத்தாறு வயசில் குதிரை வைத்தியத்துக்கு வந்தேன், கல்லூரியில் என் வகுப்பில் மற்ற பெண்கள் நாய் பூனை கோழி என்று போனார்கள், குதிரையா, உதை வாங்கிக் கல்யாணம் ஆகாமல் கிடப்பாய் என்று பேராசிரியரே சொன்னார், அதற்காகவே எடுத்தேன். உதையும் வாங்கினேன், இடது முழங்கால், இந்தக் குளிரில் இப்போது தனியாக ஒரு ஜீவன் மாதிரி வலிக்கிறது, காலையில் போட்ட மாத்திரை நான் கம்பெனியில் இருந்தபோது வெளிவந்தது, குதிரைக்கு அளந்த மருந்தின் தங்கை மாதிரி ஒன்று, மனுஷருக்காகச் செய்தோம். குதிரைக்கு வைத்தியம் பார்ப்பதில் எனக்கு என்ன அலுத்தது என்றால், அது பேசாது, அதன் ஆள் பேசுவான், அவன் பேசுவதில் பாதி பொய். எப்போதிலிருந்து நொண்டுகிறது என்று கேட்டால் இன்றைக்குக் காலையில்தான் என்பான், வீக்கத்தைத் தொட்டால் நாலு நாள் பழசு. தீனியில் என்ன கலந்தாய் என்றால் ஒன்றுமில்லை என்பான், வாயில் வெல்ல வாசனை. அப்படியே ஆட்களைச் சந்தேகித்துச் சந்தேகித்து, பொய் சொல்லாத ஒன்றைத் தேடி ரத்தத்துக்குப் போனேன். ரத்தத்தில் எவ்வளவு மருந்து என்று இயந்திரம் சொல்லும், அதற்கு மாமன் மச்சான் கிடையாது. மருந்தியலில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்தேன், வயசு முப்பத்தொன்று, போலீஸ் லாயத்திலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிய ஆறு கிழட்டுக் குதிரைகளைக் கல்லூரிக்குக் கேட்டு வாங்கினேன். ஒரே நாளில் ஆறுக்கும் ஊசி. பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை கழுத்து நரம்பில் ரத்தம். ஏழு நாள். ஆறு குதிரை. கட்டுரையில் ஐந்து என்று இருக்கும்.

அதை இப்போது எதற்கு நினைக்கிறேன். ஒரு குதிரையை விலக்குவது எல்லா சோதனையிலும் நடப்பது, விலக்கக் காரணம் இருந்தது, காரணத்தை அடிக்குறிப்பில் எழுதவும் எழுதினேன், பராமரிப்பாளர் தவறால் ஒரு விலங்கு விலக்கப்பட்டது என்று. பராமரிப்பாளர் மஸ்தான் பாய். அப்போதே ஐம்பதைத் தாண்டியவர், தாடியில் பாதி வெள்ளை, குதிரை மூத்திரம் பெய்யச் சீட்டி அடிப்பார், மெல்ல, நீளமாக, ஒரே சுரத்தில், எல்லா சைஸும் அடிப்பதுதான், ஆனால் இவர் அடித்தால் பக்கத்து லாயத்துக் குதிரைகூடப் பெய்துவிடும். எனக்கு மூத்திரமும் சோதனைக்கு வேண்டும் என்பதால் தரை வெறும் சிமெண்டாக இருக்க வேண்டும், வைக்கோல் படுக்கை கூடாது, ஏழு நாளும் ஒரு துரும்புகூடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். "சிமெண்டுல குதிர பெய்யாதும்மா, கால்ல தெறிக்கும், அதுக்குப் புடிக்காது" என்றார். "சீட்டி அடிங்க" என்றேன். ஐந்து குதிரைகள் சீட்டிக்குப் பெய்தன. நாலாம் நம்பர் பெய்யாமல் அடக்கிக்கொண்டு நின்றது, முதல் நாள் முழுக்க, இடுப்பு வேறு அதற்குச் சரியில்லை, மஸ்தான் பாய் அதன் பக்கத்திலேயே நின்று சீட்டி அடித்து அடித்து உதடு வறண்டு போனது. இரண்டாம் நாளிலிருந்து பெய்ய ஆரம்பித்துவிட்டது, பழகிவிட்டது போல என்று எழுதிக்கொண்டேன். மூன்றாம் நாள் மற்ற ஐந்தின் ரத்தத்திலும் மருந்து தீர்ந்துகொண்டே வந்தது. நாலாம் நம்பரில் தீரவில்லை. நான்காம் நாள் மற்றவற்றில் சுத்தமாக இல்லை, இதில் இருந்தது. ஐந்தாம் நாளும் இருந்தது. மருந்து அலமாரி சாவி மஸ்தான் பாயிடம். நொண்டுகிற குதிரை மேல் அவருக்கு உயிர். வேறென்ன வேண்டும்? கூப்பிட்டுக் கேட்டேன். "நாலாம் நம்பருக்கு நீங்க என்ன செஞ்சீங்க?" அவர் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது, அதை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன், எத்தனையோ பொய் பார்த்த கண் இது. "ஒண்ணும் செய்யலம்மா" என்றார். பொய். அது பொய் என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. பொய்யைக் கண்டுபிடித்தவுடன் மருந்தையும் கண்டுபிடித்துவிட்டதாக எழுதி அனுப்பினேன், ஒரு வாரத்தில் அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள், மருந்து திருடிய ஆள் என்று எழுதிய காகிதத்தோடு அந்த ஊரில் எந்த லாயத்தில் சேர்த்துக்கொள்வார்கள். பிறகு என்ன ஆனார் என்று தெரியாது, விசாரிக்கவில்லை, விசாரித்தால் எதற்கு விசாரிக்கிறாய் என்று நானே என்னைக் கேட்டிருப்பேன்.

"நீ கொடுக்கலைன்னா மருந்து எப்படி வந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன். பேப்பர்காரியாக நடிக்கிறேனே, பேப்பர்காரி கேட்கத்தானே செய்வாள்.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "அதாம்மா எனக்கும் புரில. சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. நானே சொல்றேன் பாருங்கோ. எடுத்துக் குடுத்துருந்தா சொல்லுவனா? திங்கக்கிழம டாக்டர் வந்து ஊசி போட்டாரு. அப்புறம் நான் வெந்நி ஒத்தடம் குடுத்தேன், களிமண் பத்து போட்டேன், அவ்ளோதான். மழ வேற. ஆறு நாளா வுடாம பெஞ்சுது."

"மழைக்கும் இதுக்கும் என்ன?"

"ஒண்ணும் இல்ல. வேலை ஜாஸ்தி. கீழ மெட்ராஸ்ல வெயில் அடிக்கும், காலைல படுக்கைய வாரி வெளிய பரப்புனா மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும், திருப்பிப் போட்டுக்கலாம். இங்க எங்க காய்றது? புது வைக்கோல் லாரி மேல ஏறல, ரோட்ல மண்ணு சரிஞ்சிருச்சு. நாத்தம் புடிச்சதை மட்டும் எடுத்துட்டு மிச்ச ஈரத்தை அடில போட்டு, மேல ரெண்டு கை காஞ்சதப் பரப்பினேன். அது சும்மா இருக்குமா? காலால நோண்டி நோண்டி அடில இருக்கறதத்தான் துன்னும். பசின்னு இல்லம்மா. சும்மா நிக்கிற குதிர, பொழுது போகணுமே. மூத்திர வைக்கோல்னா அதுக்கு உப்பு பிஸ்கட்டு மாதிரி."

சொல்லிவிட்டுச் சிரித்தான், பிறகு சட்டென்று கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "இதெல்லாம் எழுதிடாதீங்கம்மா. லாயம் சுத்தமில்லன்னு பேராயிடும். ஈர வைக்கோல்ல நிக்க வெச்சேன்னு தெரிஞ்சா குரியன் சார் லைசன்ஸும் போயிரும். வாயத் தெறக்காதன்னு சொல்லிருக்காரு."

மூத்திரத்தில் மருந்து வெளியேறும். இதை முதல் வருஷ மாணவிக்கே நான் சொல்லிக் கொடுப்பேன். வெளியேறிய மருந்து எங்கே போகும்? சிமெண்டில் விழுந்தால் கழுவிவிடும். வைக்கோலில் விழுந்தால் வைக்கோலில் இருக்கும். வைக்கோலைக் குதிரை தின்றால். தின்றால் திரும்ப உள்ளே போகும். போய்த் திரும்ப வெளியே வந்து திரும்ப வைக்கோலில், யாரும் ஒரு துளி கொடுக்காமலே, ஐந்து நாள், ஆறு நாள், வைக்கோலை மாற்றுகிறவரைக்கும். இல்லை, இரு. இவன் யார் சொல்லி இதைச் சொல்கிறான்? குரியன் வக்கீல் வைத்திருப்பார், வக்கீல் எங்கேயாவது படித்துவிட்டு இவனுக்குப் பாடம் சொல்லி அனுப்பியிருப்பார், கிழவி பக்கத்தில் உட்கார், வைக்கோலைப் பற்றிச் சொல், அவள் புத்திசாலி, மிச்சத்தை அவளே கோத்துக்கொள்வாள் என்று. அப்படியென்றால் எழுதாதீர்கள் என்று ஏன் சொல்ல வேண்டும்? அதுவும் பாடத்தில் இருக்கலாம். இருக்கலாமா? ஸ்வெட்டர் ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே இவன், இவனா, மருந்து எப்படி வந்தது என்று தனக்கே புரியவில்லை என்கிறானே, காரணத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் காரணம் தெரியவில்லை என்கிறான். நடிப்பு என்றால் இதைவிடப் பெரிய நடிப்பு நான் பார்த்ததில்லை. என் தலை இவனைச் சந்தேகிக்க ஏன் இவ்வளவு பாடுபடுகிறது என்றுதான் இப்போது பார்க்க வேண்டும். இவன் சொல்வது நிஜம் என்றால் நாலாம் நம்பர்.

ஆனால் நாலாம் நம்பருக்கு வைக்கோலே கிடையாது. நான் தடுத்திருந்தேன். காலை ஏழு மணிக்குப் போவேன், தரை கழுவி ஈரம்கூட இருக்காது, பளிச்சென்று சிமெண்டு. ஒரு துரும்பு இல்லை. ஒரு துரும்பு. வாலில் இருந்தது. மூன்றாம் நாள் காலை நாலாம் நம்பரின் வாலில் ஒரு வைக்கோல் சிக்கியிருந்தது, நான் அதை எடுத்தேன், விரல் நுனியில் இப்போதும் தெரிகிறது, கொஞ்சம் ஈரம், கொஞ்சம் சொரசொரப்பு, எடுத்துக் கீழே போட்டேன். குதிரையின் வாலில் வைக்கோல் இருந்தால் அது படுக்கையில் படுத்து எழுந்திருக்கிறது என்று அர்த்தம், ஐந்து வருஷம் லாயம் லாயமாக ஏறி இறங்கியவளுக்கு இது தெரியாதா. தெரிந்தது. மஸ்தான் பாய் நான் இல்லாதபோது வைக்கோல் போடுகிறார், நான் வருவதற்குள் வாரி மதில் பக்கம் எங்கோ காயவைக்கிறார், அதனால்தான் இரண்டாம் நாளிலிருந்து குதிரை பெய்கிறது என்று ஒரு நொடியில் தெரிந்தது. தெரிந்ததும் என்ன நினைத்தேன்? என் பேச்சை மீறுகிறார் என்று நினைத்தேன். வைக்கோலில் மீறுகிறவர் மருந்திலும் மீறுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் ஓடியது அந்த வைக்கோல்தான், அதைத்தான் மறைத்தார், நான் போடக் கூடாது என்று சொன்னதைப் போட்டுவிட்டாரே, அந்தப் பயம். நான் பொய்யைச் சரியாகப் பிடித்தேன், எந்தப் பொய் என்பதைத் தப்பாகப் பிடித்தேன். அடிப்பாவி. அதோடு நின்றதா? வரைபடம் இருந்தது. திருட்டுத்தனமாக மருந்து கொடுத்தால் கோடு செங்குத்தாக ஏறி இறங்கும். நாலாம் நம்பரின் கோடு ஏறவே இல்லை, இறங்க மறுத்துத் தரையோடு தரையாகத் தவழ்ந்தது, தினமும் காலையில் ஒரு சின்ன மேடு. கொடுத்த மருந்து அப்படி நடக்காது என்று எனக்குத் தெரியும். பென்சிலால் அந்த மேடுகளுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன், அடுத்த நாள் ரப்பரால் அழித்தேன். பட்டத்துக்குத் தேதி நெருங்கியிருந்தது. ஐந்து கோடுகள் அழகாக ஒன்றாக இறங்கின, ஒன்று கெடுத்தது. தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம், முப்பத்தொரு வருஷம் சொல்லிக்கொண்டாயிற்று, தெரியாதவள் கேள்விக்குறியை ஏன் அழிக்கிறாள். ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டேன், மாமியார் கஷாயத்தைச் சந்தேகப்பட்டேன், வீட்டுக்காரர் சிரிப்பைச் சந்தேகப்பட்டேன், இந்த டீயைக்கூட, ஐந்து குதிரை என்று எழுதிய கையை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

நான் உள்ளே போய்ச் சொன்னால் என்ன ஆகும்? எழுபத்திரண்டு போய்விடும். அது போனால் அதன் மேல் கட்டிய பட்டம், பட்டத்தால் வந்த கம்பெனி வேலை, அதனால் வந்த பெயர், எல்லாவற்றிலும் விரிசல் விழும். இதுவரை அந்த எண்ணால் பிடிபட்ட ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வருவார்கள், எத்தனை பேர் என்று எனக்கே தெரியாது, அதுதான் பயமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. இவன் ஒருவன் போவான். மத்தியானம் மலை இறங்கிவிடலாம்.

"உங்க பேரு என்ன?" என்று கேட்டேன்.

"சவரிமுத்துங்கம்மா."

"எத்தனை வருஷமா இந்த வேலை?"

"இருவத்திரெண்டு. வேற ஒண்ணும் தெரியாது எனக்கு. ஆட்டோகூட ஓட்டத் தெரியாது." மறுபடி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

கதவு திறந்து பியூன் தலையை நீட்டினான். "டாக்டர் மங்கையர்க்கரசி மேடம், வாங்க. ரத்தத்தைப் பத்திச் சொல்ல வந்த டாக்டர் நீங்கதானே?"

சவரிமுத்து விருட்டென்று எழுந்துவிட்டார். என் முகத்தையும் பியூன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பேப்பர் என்று சொல்லிவிட்டு வாயைப் பிடுங்கினாயே என்று அவர் சொல்லவில்லை, கண் சொன்னது. என்ன சொல்வது என்று தெரியாமல் அவருடைய பெயரைக் கூப்பிட்டேன், அவர் ஒரு அடி பின்னால் போனார்.

உள்ளே நீள மேஜை, மூன்று பேர், நடுவில் தலைவர், ராணுவத்தில் இருந்தவர் மாதிரி முதுகு. ஓரத்தில் குரியன், கையில் கோப்பு. ஹீட்டர் வைத்திருக்கிறார்கள், முழங்கால் வலி விட்டுப் போனதைக் கவனித்தேன், எப்படிப்பட்ட நேரத்தில் எதைக் கவனிக்கிறேன். என்னை எழுந்து வரவேற்றார்கள். தலைவர் என் கட்டுரையின் நகலைக் கையில் வைத்திருந்தார், ஓரம் மடங்கி, பல விசாரணை பார்த்த நகல்.

"உங்களை ரொம்ப நேரம் பிடிச்சு வைக்க மாட்டோம் டாக்டர். ஒரே கேள்விதான். திங்கட்கிழமை போட்ட ஊசி சனிக்கிழமை ரத்தத்துல இருக்க முடியுமா? முடியாதுன்னு உங்க வாயால ஒரு வார்த்தை பதிவாகணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான். வாய் தயாராக இருந்தது, பழகிய வாய், முடியாது என்கிற சொல் நாக்கின் மேலேயே நின்றது. சவரிமுத்துவே சொல்லிவிடட்டுமே என்று தோன்றியது, அவரே உண்மையைச் சொன்னால் நான் ஆமோதித்துவிட்டால் போதும், என் பழைய கதை வேண்டியதில்லை. இதுவும் ஒரு குறுக்கு வழிதான், தெரிந்துதான் செய்தேன்.

"சைஸைக் கூப்பிட்டு ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

வந்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்தார். "அந்த அஞ்சு நாளும் படுக்கைக்கு வைக்கோல் எப்படிப் போட்டீங்க, சொல்லுங்க" என்றேன். என்னிடம் சொன்னதைத்தானே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் குரியனைப் பார்த்தார். குரியன் கோப்பைப் பார்த்தார்.

"டெய்லி புதுசு சார்" என்றார் தலைவரிடம், என்னைப் பார்க்காமல். "காஞ்ச வைக்கோல். ஒரு துளி ஈரம் கெடயாது. லாயம் சுத்தமா வெச்சிருந்தேன்."

அவர் முகத்தில் அது ஓடியது. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் இன்னொரு முகத்தில் பார்த்த அதே ஓட்டம், சின்னக் குற்றத்தை மறைக்கப்போய்ப் பெரிய குற்றத்தைத் தலையில் போட்டுக்கொள்கிற மனுஷனின் பயம். குரியனின் தோள் தளர்ந்தது. தலைவர் பேனாவை எடுத்தார். இப்போது இவரைக் காப்பாற்ற நான்தான் இவரைப் பொய்யர் என்று சொல்ல வேண்டும். அதை மட்டும் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நானாக இருந்தால் நம்ப மாட்டேன், ஆதாரம் எங்கே என்று கேட்பேன். ஆதாரம் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது, அழித்த கேள்விக்குறியின் தடத்தோடு.

"இவர் பொய் சொல்றார்" என்றேன்.

சவரிமுத்து திரும்பிப் பார்த்தார். நான் வாழ்நாள் முழுக்க மற்றவர்களைப் பார்த்த பார்வையை முதல் தடவையாக எதிரே நின்று வாங்கிக்கொண்டேன், சுட்டது.

"மருந்து கொடுத்ததை மறைக்கலை. இவர் கொடுக்கவே இல்லை. ஈர வைக்கோலை மறைக்கிறார். குதிரை தன் மூத்திரம் பட்ட வைக்கோலைத் தின்னிருக்கு, மூத்திரத்துல போன மருந்து வாய் வழியாத் திரும்ப உள்ள போயிருக்கு. இப்பவும் அந்த வைக்கோல் லாயத்துல இருந்தா எடுத்துச் சோதிச்சுப் பாருங்க."

"மேடம்" என்றார் தலைவர், கொஞ்சம் பொறுமையிழந்து, "உங்க கட்டுரைலயே எழுபத்திரண்டுன்னுதானே இருக்கு? நாங்க அதை வச்சுத்தானே இத்தனை வருஷமா..."

"கட்டுரை தப்பு."

பக்கத்தில் இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். மேஜையைப் பிடித்துக்கொண்டேன், வெட்கமாக இருந்தது, அதற்கு மேல் பயமாக இருந்தது, ஆனால் வாய் நிற்கவில்லை.

"நிறுத்தாதீங்க, எழுதுங்க. அஞ்சு குதிரைன்னு போட்டிருக்கேன். ஆறு இருந்துச்சு. நான் விலக்கின நாலாம் நம்பர் குதிரை இதே மாதிரி வைக்கோலைத் தின்னுச்சு. அதோட வால்ல சிக்கின வைக்கோலை நான் என் கையால எடுத்தேன். குறிப்பு நோட்டை அனுப்பி வைக்கிறேன்."

சவரிமுத்து இன்னும் என்னை நம்பவில்லை, சுவரோரம் ஒதுங்கி நின்று அடுத்து என்ன சொல்லித் தன்னைக் கவிழ்க்கப் போகிறேனோ என்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும். எழுதுகிறவர் நிமிர்ந்து, வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டார்.

"அந்தக் குதிரையைப் பார்த்துக்கிட்டவர் பேரு மஸ்தான்" என்றேன். "அவரைத் திருடன்னு எழுதிக் கொடுத்தது நான்."